பழைய லாரி மாடல்: சேசிஸை நீட்டி, மரப் பாடி கட்டி, துரு ஏற்றுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: 1950களின் மூக்கு வைத்த லாரி ஒன்றின் 1/25 பிளாஸ்டிக் கிட் கையில் இருக்கிறது. இதுவரை இரண்டு மூன்று கார் மாடல்கள் செய்திருக்கிறீர்கள். இந்த லாரியின் சேசிஸை (அடிச்சட்டத்தை) நீட்டி, கிட்டில் வரும் பாடிக்குப் பதிலாக மரப் பாடி கட்டி, முப்பது வருஷம் உழைத்த வண்டி போல ஆக்க வேண்டும். அதற்கு எந்த பெயின்ட், எந்தத் துருப் பவுடர் வாங்கலாம் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். பெயின்ட்டுக்குக் கடைசியில் வருகிறேன். ஏனென்றால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி, எதை எந்த வரிசையில் செய்வது என்பதுதான். கார் மாடலில் பாடிதான் கண்ணில் படும். அடிப்பாகம் பெரும்பாலும் ஒரே தட்டாக வந்துவிடும். லாரியில் கேபினுக்குப் பின்னால் பாதி சேசிஸ் வெளியே தெரிகிறது, அது தனித்தனிப் பாகங்களாக ஒட்டப்படுகிறது. அதில் 1 மி.மீ. முறுக்கு இருந்தாலும் ஒரு சக்கரம் தரையைத் தொடாது, கேபின் ஒரு பக்கம் சாயும். எவ்வளவு அழகான துருவும் அதை மறைக்காது.

முதலில் அளவு. பெட்டியில் 1/25 என்று இருந்தால் நிஜத்தின் 25 மி.மீ. உங்களுக்கு 1 மி.மீ. வேறு கிட்டிலிருந்து பாகம் எடுத்துப் போடும்போது 1/24-ம் 1/25-ம் கலக்கலாமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 4 சதவீதம். இன்ஜின், பேட்டரிப் பெட்டி, டீசல் டேங்க் போன்ற தனிப் பாகங்களில் அது தெரியாது. சக்கரத்தில் கவனமாகப் பார்த்தால் தெரியும். கேபினும் மட்கார்டும் போல ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டியவற்றில் கலக்கவே கூடாது. நிஜத்தில் 5,000 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையேயான தூரம்) உள்ள வண்டி 1/25-ல் 200 மி.மீ., 1/24-ல் 208 மி.மீ. வரும், 8 மி.மீ. கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

எவ்வளவு நீட்டுவது என்பதைப் போட்டோவிலிருந்து கணக்கிடுவீர்கள் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் நேராக, தூரத்தில் நின்று எடுத்த படத்தை மட்டும் நம்புங்கள். கிட்டே நின்று எடுத்த படத்தில் அருகில் இருக்கும் முனை பெரிதாகிவிடும். அளவுகோலாக, தயாரிப்பாளர் கொடுத்த வீல்பேஸ் எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது. பலரும் டயர் அளவில் வரும் 20 அங்குலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பிசகுகிறது. 20 அங்குலம், அதாவது 508 மி.மீ., டயர் உட்காரும் இடத்தின் விட்டம். அது டயருக்குள் மறைந்திருக்கிறது. வெளியே தெரியும் ரிம் விளிம்பு அதைவிடப் பெரியது. அந்த விளிம்பை 508 என்று வைத்துக் கணக்குப் போட்டால் வண்டி முழுவதும் சிறுத்துப்போகும். 1940 முதல் அமெரிக்க வண்டிகளில் வந்த வட்டமான சீல்டு பீம் ஹெட்லைட்டின் விட்டம் 7 அங்குலம், 1/25-ல் சுமார் 7 மி.மீ. கணக்கைச் சரிபார்க்க அது உதவும்.

நீட்டும்போது இன்னொரு விஷயம். பாடியின் நீளத்தில் நடுப்புள்ளி எங்கே வருகிறது என்று பாருங்கள். அது பின் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். நிஜ லாரியில் சுமையின் மையம் பின் ஆக்சிலுக்குப் பின்னால் போனால் முன்பக்கம் எழும்பும், ஸ்டியரிங் பிடி இழக்கும். அதனால் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. வீல்பேஸைத் தொடாமல் பின்னால் மட்டும் சேசிஸை இழுத்துவிட்டு நீளமான பாடி வைத்த மாடல்கள் ஏன் உறுத்துகின்றன என்று சிலருக்குப் புரிவதில்லை. காரணம் இதுதான்.

பாகங்களை ஸ்ப்ரூவில் (அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டகத்தில்) இருக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துக் கழுவி, காயவிடுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் போட்ட எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தால் பிரைமர் உரியும். சேசிஸ் சட்டம் இரண்டையும் கண்ணாடித் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் ஆவி பறக்கும் சூட்டில், ஆனால் கொதிக்காத தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, கண்ணாடியில் அழுத்திப் பிடித்து, பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகிவிடும். அதனால் கொதிக்கும் தண்ணீரும் ஹேர் டிரையரும் வேண்டாம். சட்டம் நூல் மாதிரி ஆகிவிடும்.

இனி வெட்டு. நிஜத்தில் 600 மி.மீ. நீட்ட வேண்டும் என்றால் உங்களுக்கு 24 மி.மீ. வெட்டும் இடம் கேபினுக்குப் பின்னாலும், பின்பட்டையின் (பின் ஸ்பிரிங்கின்) முன் ஹேங்கருக்கு, அதாவது அதைச் சட்டத்தில் பிடிக்கும் தாங்கிக்கு, முன்னாலும், குறுக்குச் சட்டம் எதுவும் இல்லாத நேர்ப் பகுதியாக இருக்கட்டும். இரண்டு சட்டங்களையும் டேப் போட்டு முதுகோடு முதுகாகச் சேர்த்துக் கட்டி, ஒரே கோட்டில் மெல்லிய பல் ரம்பத்தால் அறுங்கள். தனித்தனியாக அறுத்தால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தே தீரும். அதுதான் பிறகு ஆக்சில் கோணலாகத் தெரிவதற்குக் காரணம். ரம்பம் தின்ற அகலம் சுமார் 0.3 மி.மீ., அதையும் கணக்கில் சேருங்கள். நடுவில் வைக்கும் துண்டை ஸ்டைரீன் பட்டைகளால் C வடிவில் கட்டிக்கொள்ளலாம். அந்தக் காலச் சட்டம் பெரும்பாலும் 200 முதல் 250 மி.மீ. உயரம், அதாவது உங்களுக்கு 8 முதல் 10 மி.மீ.; ஆனாலும் கிட்டின் சட்டத்தை வெர்னியரில் அளந்து அதற்கே பொருத்துங்கள். வெறும் முனையோடு முனை ஒட்டினால் நிற்காது. C-யின் உள்பக்கம் 1 மி.மீ. தடிப் பட்டை ஒன்று, இணைப்பின் இரண்டு பக்கமும் 15 மி.மீ. ஏறும்படி ஒட்டுங்கள். நிஜ லாரியிலும் நீட்டிய இடத்தில் உள்ளே தகடு வைத்துத்தான் ரிவெட் அடிப்பார்கள், ஆகவே அது தெரிந்தாலும் பிழையில்லை.

ஒட்டும்போது செய்ய வேண்டியதைக் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் மாடல் தப்பிக்கிறது அல்லது கெடுகிறது. கண்ணாடியின் அடியில் ஒரு கட்டம் போட்ட காகிதம் வையுங்கள். சட்டத்தின் மேல்பக்கம் கண்ணாடியில் படும்படி கவிழ்த்து வையுங்கள், ஏனென்றால் சட்டத்தில் நேராக இருப்பது மேல்பக்கம்தான். மூன்று துண்டுகளும் கோட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று இரும்பு ஸ்கேலைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். ஸ்கேலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே வெளிச்சம் தெரியக் கூடாது. பிறகு நீர் போன்ற பிளாஸ்டிக் பசையை பிரஷ் நுனியில் ஒரு சொட்டு எடுத்து இணைப்பில் தொடுங்கள். அது தானே உள்ளே ஓடும். சட்டத்தை இலேசாக நெருக்குங்கள். இணைப்பில் பிளாஸ்டிக் மயிரிழை அளவு பிதுங்கி வந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது. பிதுங்கியதை உடனே துடைக்காதீர்கள். மறுநாள் காய்ந்தபின் 400 எண் உப்புத்தாளில் ஆரம்பித்து 800-ல் முடித்தால் இணைப்பே தெரியாது. இந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது, அதனால் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். அவசரத்துக்கு சூப்பர் குளூ போட்டால் உடனே பிடிக்கும், ஆனால் அந்தப் பிடி முறிகிற வகை. டிரான்ஸ்மிஷன் பொருத்த அழுத்தும்போது டக்கென்று விட்டுவிடும்.

சேசிஸை நீட்டினால் புரொப்பலர் ஷாஃப்டையும் (டிரான்ஸ்மிஷனிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் சுழல் தண்டையும்) நீட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை ஒரே நீளக் குழாயாக விடுவதுதான் வழக்கமான தவறு. ஒற்றைத் துண்டு ஷாஃப்ட் ஓரளவுக்கு மேல் நீண்டால் வேகத்தில் சாட்டை போல் அலையும். அதனால் சுமார் 1.8 மீட்டரைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்து நடுவில் சென்டர் பேரிங் வைப்பார்கள். உங்கள் அளவில் அது 72 மி.மீ. அதைத் தாண்டினால் ஒரு குறுக்குச் சட்டம் சேர்த்து, அதன் கீழே ஒரு சிறிய வளையமும் தாங்கியும் வைத்துவிடுங்கள். பிரேக் குழாய்களும் அந்தச் சட்டத்தின் உள்பக்கமாகவே ஓடட்டும்.

ஆக்சில்களைப் பொருத்தும்போது ஆறு டயரையும் தற்காலிகமாக மாட்டி, கண்ணாடியில் வைத்து, ஒவ்வொரு டயரின் அடியிலும் மெல்லிய காகிதத் துண்டு நுழைகிறதா பாருங்கள். எளிதாக நுழைந்தால் அந்தப் பக்கம் தூக்கலாக இருக்கிறது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 0.25 மி.மீ. ஸ்டைரீன் தாள் வைத்தோ, எதிர்ப்பக்கத்தைத் தேய்த்தோ சரிசெய்யுங்கள். பசை முழுக்க இறுகும் முன், முதல் ஒரு மணி நேரத்தில் இதைச் செய்தால் சுலபம்.

இன்ஜினில் ஒரே எச்சரிக்கை. கார் மாடல் பழக்கத்தில் ஸ்பார்க் பிளக் வயர் இழுக்கக் கை போகும். பெட்ரோல் இன்ஜின் என்றால் 0.3 மி.மீ. வயர் சரியாக இருக்கும், ஏனென்றால் நிஜத்தில் 7, 8 மி.மீ. தடிமன். டீசல் இன்ஜினுக்குப் பிளக் வயரே கிடையாது. பல டீசல்களில் பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் மெல்லிய இரும்புக் குழாய் போகும், 0.3 மி.மீ. செம்புக் கம்பி அதற்குப் போதும். ஆனால் 1938-ல் வந்த டெட்ராய்ட் டீசல் 71 வரிசையில் அதுவும் இல்லை: பம்பும் இன்ஜெக்டரும் ஒரே பாகமாக சிலிண்டர் தலைக்குள் இருக்கும், வெளியே உயரழுத்தக் குழாய் தெரியாது. பக்கவாட்டில் துருத்தி நிற்கும், காற்றை உள்ளே தள்ளும் புளோயர்தான் அதன் அடையாளம். உங்கள் கிட்டில் எது வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

குரோம் பாகங்களைப் பற்றி. கிட்டில் பம்பர், கிரில், கண்ணாடித் தாங்கி எல்லாம் பளபளவென்று வரும். உழைத்த லாரியில் இவற்றில் பாதி பெயின்ட் அடித்தவையாகவே இருந்தன. குரோம் கூடுதல் காசுக்கு வாங்கும் அலங்காரம். பெயின்ட் அடிக்க வேண்டியவற்றை வீட்டு பிளீச்சில் ஊறவைத்தால் குரோம் கரைந்துபோகும். சிலது பத்து நிமிடம், சிலது ஒரு மணி நேரம். கையுறை போடுங்கள், பிளீச்சோடு வினிகர், அமோனியா, கழிவறை சுத்தம் செய்யும் அமிலம் எதையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். குரோம் போனபின் மஞ்சளாக ஒரு வார்னிஷ் படலம் மிஞ்சும். அதன் மேல் பசை பிடிக்காது, ஒட்டும் இடத்தில் கத்தியால் சுரண்டிவிடுங்கள்.

மரப் பாடிக்கு வருவோம். நிஜ மரத்திலேயே செய்யலாமா, பிளாஸ்டிக்கில் ரேகை கீறலாமா என்பதில் கட்டுகிறவர்களிடையே ஒரே கருத்து இல்லை. என் பக்கம் நிஜ மரம், ஆனால் பால்சா வேண்டாம். அதன் நரம்பும் துளைகளும் பெரியவை. 1/25-ல் பலகை முழுக்கப் பள்ளமாகத் தெரியும். பாஸ்வுட் என்னும் நெருக்கமான ரேகையுள்ள மரம் பொருத்தம். நிஜத்தில் 150 மி.மீ. அகலமும் 40 மி.மீ. தடிமனும் உள்ள பலகை உங்களுக்கு 6 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. தடிமன். சேசிஸ் சட்டத்தின் மேல் நேரடியாகப் பலகை வைக்காதீர்கள். முதலில் சட்டத்தின் நீளத்துக்கு இரண்டு நெடுங்கட்டைகள், சுமார் 4 மி.மீ. உயரம், அவற்றின் மேல் 16 முதல் 20 மி.மீ. இடைவெளியில் குறுக்குக் கட்டைகள். அதற்கு மேல்தான் தளம். நெடுங்கட்டையைச் சட்டத்தோடு பிணைக்கும் U போல்ட்டுகளை 0.6 மி.மீ. கம்பியில் வளைத்துப் பக்கத்துக்கு நான்கு வையுங்கள். இந்த அடுக்கு இல்லாவிட்டால் பாடி தாழ்ந்து உட்கார்ந்து பின்சக்கரத்தில் இடிக்கும்.

நிறமேற்றுவதை ஒட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். பசை ஒழுகிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைத் திட்டு விழும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி.யில் கறுப்பு இந்தியன் இங்க் ஒரு தேக்கரண்டி கலந்து பலகைகளை முக்கி எடுத்தால் வெயிலில் கிடந்த சாம்பல் நிறம் வரும். திறந்தவெளி மரம் பழுப்பாக அல்ல, சாம்பலாகத்தான் மூப்படையும். வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் லிக்னினைச் சிதைப்பதுதான் காரணம். சில பலகைகளை இரண்டு முறை முக்குங்கள், ஒன்றிரண்டைப் புதிதாக மாற்றியது போல் வெளிர் பழுப்பிலேயே விடுங்கள். சுமை உரசும் நடுப்பகுதியை 600 உப்புத்தாளில் நீளவாக்கில் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வெளுத்து வரும்.

இப்போது பெயின்ட். பிரைமர் மெல்லிய மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 நிமிடம். ஏர்பிரஷ்ஷில் 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், பெயின்ட் பால் போல் நீர்க்க இருக்க வேண்டும். ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரத்தால் பெயின்ட் போய்ச் சேரும் முன்பே காய்கிறது என்று பொருள்: தின்னர் கூட்டுங்கள் அல்லது கிட்டே பிடியுங்கள். வெள்ளையாகப் பூத்தால் காற்றில் ஈரம் அதிகம், அன்றைக்கு அடிக்காதீர்கள். எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் வகை பெயின்ட்) மேல் லாக்கர் (வீரியமான கரைப்பானில் கரைத்த, சீக்கிரம் காயும் பெயின்ட்) அடித்தால் அடியில் உள்ளது சுருங்கிக் குமிழும். லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். லாக்கருக்கு நல்ல காற்றோட்டமும், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் ஃபில்டர் வைத்த முகமூடியும் கட்டாயம். தூசிக்கான துணி மாஸ்க் இதற்கு உதவாது.

நிறம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது சந்தேகத்துக்கு உரிய பகுதி. அந்தக் காலக் கலர் பிலிம்கள் மங்கி நிறம் திரிந்தவை. இன்று புதுப்பித்த வண்டியோ புது பெயின்ட் அடித்தது. சிறிய மாடலில் நிறத்தை 5, 10 சதவீதம் வெளிர வைக்க வேண்டும் என்று ஒரு சாரார் சொல்வதும் கண்ணின் தீர்ப்புதான், விதி அல்ல. உழைத்த வண்டிக்கு அது தன்னாலேயே பொருந்திவிடும் என்பதால் இதில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம்.

துரு எங்கே வரும் என்பது அப்படிச் சந்தேகம் இல்லை. தண்ணீரும் சேறும் தேங்கும் இடத்தில் வரும்: மட்கார்டின் கீழ் ஓரம், கேபினின் பின் மூலைகள், கதவின் அடிவிளிம்பு, கூரையின் மழைநீர்ப் பள்ளம், கால் வைக்கும் படி. கதவின் நடுவில், பானெட்டின் நடுவில் காரணமில்லாமல் துருப்பொட்டு வைத்தால் அது வண்டியாகத் தெரியாது, பெயின்ட்டாகத் தெரியும். கூரையும் பானெட்டின் மேல்பக்கமும் துருவைவிட வெளுப்பைத்தான் காட்டும். பழைய எனாமல் வெயிலில் சுண்ணாம்பு போல் பொடிந்து மங்கும். அங்கே மேட் வார்னிஷ், கதவின் கீழ்ப்பாதியில் பாதி மினுக்கு வார்னிஷ் என்று பிரித்து அடித்தாலே பாதி வேலை முடிந்தது. சேசிஸில் துரு குறைவு, கிரீஸும் புழுதியும் அதிகம்: பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள்கள், ஜாயிண்டுகள், பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் கிரவுன் ஹவுசிங்கின் அடி. சைலன்சர் குழாய் மட்டும் சூட்டில் முழுக்கத் துருப்பிடித்துக் காய்ந்த பழுப்பில் இருக்கும்.

பெயின்ட் உரிந்த தோற்றத்துக்கு ஹேர்ஸ்பிரே முறையைப் பரிந்துரைக்கிறேன். அடர் பழுப்பு அடித்து, லாக்கர் மேட் வார்னிஷ்ஷால் பூட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். ஹேர்ஸ்பிரே மெல்லிய இரண்டு கோட். அது காய்ந்ததும் தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் மேல்நிறம். 20 நிமிடம் கழித்து, மட்கார்டின் ஓரத்தை மட்டும் ஈரமான பிரஷ்ஷால் நனைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு கத்தரித்துக் குட்டையாக்கிய பழைய பிரஷ்ஷால் விளிம்பிலிருந்து உள்நோக்கித் தட்டுங்கள், தேய்க்காதீர்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். பிறகு ஓரத்தில் ஊசிமுனை அளவில் ஒரு பழுப்புப் புள்ளி, அதன் பக்கத்தில் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து ஒரு செதில். அங்கேயே நிறுத்துங்கள். 1 மி.மீ. செதில் நிஜத்தில் 25 மி.மீ. அகலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கை தானே அடங்கும். இந்த முறை தவறுவது மூன்று காரணங்களால்: மேல்நிறம் தடித்துப்போனது, அதை லாக்கர் தின்னரில் கரைத்தது, அல்லது மறுநாள் வரை விட்டுவைத்தது. நீங்கள் கேட்ட துருப் பவுடர் இதற்குப் பின், ஓரங்களில் சிட்டிகை அளவு. மூன்று நிறம் போதும்: அடர் பழுப்பு, ஆரஞ்சு கலந்த பழுப்பு, புழுதி நிறம். ஆரஞ்சு புதுத் துரு. பழைய வண்டியில் அது மிகக் குறைவாகவே இருக்க வேண்டும்.

கடைசியாக டயர். கிட்டில் வரும் மென்மையான வினைல் டயரில் உள்ள இளக்கி மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைத் தின்னும். வருஷக்கணக்கில் ஆகலாம், ஆனால் ரிம் டயரோடு உருகி ஒட்டிக்கொள்ளும். மாட்டும் முன் ரிம்மின் வெளிச்சுற்றில் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றிவிடுங்கள். கட்டி முடிக்கும் வரை டயர்களைக் கண்ணாடிப் பாகங்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள். காட்சிக்கு வைக்கும் அடிப்பலகை பிளாஸ்டிக்காகவோ வார்னிஷ் அடித்ததாகவோ இருந்தால், ஒவ்வொரு டயரின் கீழும் அதே தாளில் 5 மி.மீ. துண்டு ஒன்று வைத்து, அதன் மேல் புழுதிப் பவுடரைத் தூவி மறைத்துவிடலாம்.